வெளிநாட்டு மருத்துவப் பயிற்சி: ஏஜென்டிடம் பணம் கட்டும் முன்

கேள்வி: என் மகள் மதுரையில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வெளிநாட்டு மருத்துவமனையில் ஒரு மாதப் பயிற்சி வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சில லட்சம் ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? – மேலூர் வாசகர்

பதில்: உங்கள் மகள் போய் வருவது நல்லது, ஆனால் இந்த வழியில் வேண்டாம் என்பதே என் கருத்து. இத்தகைய பயிற்சி இரு வகை. நோயாளியை விசாரித்து, தொட்டுப் பரிசோதித்து, அங்குள்ள மருத்துவரின் மேற்பார்வையில் பொறுப்பேற்றுப் பழகுவது எலக்டிவ். ஓரமாக நின்று பார்ப்பதோடு முடிவது அப்சர்வர்ஷிப். அமெரிக்காவில் முதல் வகை பெரும்பாலும் மாணவர்களுக்கே கிடைக்கிறது. பட்டம் பெற்ற பின் போகிறவர்களுக்கு அநேகமாக இரண்டாவதுதான் மிஞ்சுகிறது. ஆகவே ஏஜென்ட் தருவது எது என்பதை அவரிடம் கேட்காமல், அந்த மருத்துவமனையின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு எழுதித் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏஜென்ட் இல்லாமலும் வழி உண்டு. 1951-இல் தொடங்கப்பட்ட மருத்துவ மாணவர் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு, நாடுகளுக்கிடையே மாணவர் பரிமாற்றத்தை நடத்துகிறது. அதற்கு இந்தியாவிலும் உறுப்புச் சங்கம் உள்ளது. பல பல்கலைக்கழகங்கள் நேரடி விண்ணப்பங்களையும் ஏற்கின்றன. நம் பாடத்திட்டத்தில் 2019 முதல் எலக்டிவ் இடம்பெற்றிருந்தாலும், அந்த நாட்களை வெளிநாட்டில் கழிக்க அனுமதி உண்டா, வருகைப்பதிவு என்னவாகும் என்பதை டீன் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே விமானச் சீட்டைப் பற்றி யோசியுங்கள்.

அதற்கு முன் உங்கள் மகள் மதுரை அண்ணா நகருக்குப் போய் வர வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கற்றுக்கொள்வதற்காகவே வெளிநாட்டு மருத்துவர்கள் வருகிறார்கள்; அதன் லைக்கோ நிறுவனம் 1992 முதல் பிற நாட்டுக் கண் மருத்துவமனைகளுக்கும் பயிற்சியளித்து வருகிறது. அங்கே அறுவை அரங்கில், மருத்துவர் ஒரு மேசையில் கண்புரையை அகற்றிக்கொண்டிருக்கையில் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். ஆயத்த வேலைகளையெல்லாம் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் பார்த்துக்கொள்வதால் மருத்துவரின் கை சும்மா இருப்பதில்லை. மருத்துவக் கல்வியில் நாடுகளுக்கிடையே உண்மையில் கைமாறுவது இத்தகைய முறைகள்தான். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு முறையும் அப்படி வந்ததே: எல்லா மாணவரும் ஒரே வரிசைத் தேர்வு நிலையங்களைக் கடந்து, ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படுவதால், தேர்வாளரின் மனப்போக்குக்கேற்ப மதிப்பெண் மாறுவது குறைந்தது.

எனவே உங்கள் மகள் ஒரு கேள்வியோடு வெளிநாடு போக வேண்டும். அரசு இராசாசி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், வீடு திரும்பும் நோயாளிக்கு மாத்திரை சாப்பிடும் முறையை யார் விளக்குகிறார், அது அவருக்குப் புரிந்ததா என்று யார் சரிபார்க்கிறார் என்பதை ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளட்டும். போகும் ஊரில் அதையே பார்த்து ஒப்பிட்டு, திரும்பியதும் தம் துறைப் பேராசிரியரிடம் அறிக்கையாகக் கொடுக்கட்டும். பிற்காலத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, பணம் கொடுத்து வாங்கிய சான்றிதழைவிட இது பல மடங்கு பேசும்.

ஆவணங்களில் பலரும் கோட்டைவிடுவது தடுப்பூசியை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டதற்கான சான்றும், எதிர்ப்புச் சக்தி உருவானதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை முடிவும் பல மருத்துவமனைகளில் கேட்கப்படும். வழக்கமான மூன்று தவணைகளையும் போட்டு முடிக்கவே ஆறு மாதமாகும் என்பதால், உங்கள் மகளின் தடுப்பூசி அட்டையை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.