பீத்தோவன் சிம்பொனிகளை யார் நடத்திய பதிவில் கேட்கலாம்?

பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் கேட்கலாம் என்று தேடினால் கராயன், ஃபுர்ட்வெங்லர், கார்டினர் என்று ஆளாளுக்கு ஒரு நடத்துநரின் பெயர் சொல்கிறார்கள், எதை எடுப்பது என்பதுதானே உங்கள் கேள்வி? ஒரே ஒரு செட்தான் வேண்டும் என்றால், கராயன் பெர்லின் பில்ஹார்மோனிக்கை வைத்து 1961-62இல் பதிவு செய்தது. அவரே எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அதே ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒன்பதையும் திரும்பப் பதிவு செய்திருக்கிறார், ஆண்டைப் பார்த்து எடுங்கள். அந்த முதல் துடிப்பு எண்பதுகளில் இல்லை.

ஆனால் ஒரு செட்டோடு நிறுத்தினால் பாதி சுகம் போச்சு. ஆளுக்கு ஆள் முதலில் மாறுவது காலப்பிரமாணம்தான். எந்தப் பகுதி எவ்வளவு வேகம் என்று முதல் எட்டு சிம்பொனிகளுக்கும் பீத்தோவனே 1817இல் மெட்ரோனோம் எண்களை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கை, அச்சில் கொடுத்துவிட்டார், ஒன்பதாவதுக்கு மட்டும் பின்னாளில் கொடுத்தார். இவ்வளவு வேகமாக யார் வாசிப்பது என்று பலர் அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். அந்தக் கால வாத்தியங்களோடு 1990களின் தொடக்கத்தில் பதிவு செய்த கார்டினர் அந்த எண்களை ஒட்டியே போகப் பார்க்கிறார். ஒன்பதாவதின் மூன்றாம் மூவ்மென்டை, அதாவது மூன்றாம் பகுதியை, மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: 1951இல் பெய்ராய்ட்டில் ஃபுர்ட்வெங்லர் நடத்திய கச்சேரியில் அது 19 நிமிடத்துக்கு மேல், கார்டினரிடம் சுமார் 12. ஸ்வரம் ஒன்றுகூட மாறவில்லை! கார்டினரில் அது வாய்விட்டுப் பாடக்கூடிய மெட்டாக இருக்கிறது, ஃபுர்ட்வெங்லரிடம் மெட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே மறந்துபோகும். எனக்கு ஃபுர்ட்வெங்லர்தான். மோனோ பதிவு, நடுவில் இருமல் சத்தம், கடைசிப் பக்கங்களில் அவர் விரட்டுகிற விரட்டலில் ஆர்க்கெஸ்ட்ராவே தடுமாறுகிறது, பரவாயில்லை.

ஐந்தாவதுக்கு யோசிக்கவே வேண்டாம், கார்லோஸ் கிளைபர், வியன்னா பில்ஹார்மோனிக், 1974.

ஐந்தாவதிலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் மூவ்மென்டில் இரண்டாவது மெட்டு வருவதற்கு முன்னால் ஹார்ன்கள் என்ற பித்தளை ஊதுவாத்தியங்கள் தனியாக ஓர் அறைகூவல் விடும். அதே இடம் பின்பாதியில், ஐந்தாவது நிமிடத்தை ஒட்டி, வேறு சுருதியில் திரும்ப வரும்போது பீத்தோவன் அதை பஸூன் என்ற மரத்தாலான ஊதுவாத்தியத்துக்கு எழுதினார், ஏனென்றால் வால்வு இல்லாத அன்றைய ஹார்னில் சட்டென்று சுருதி மாற்றி அதை வாசிக்க முடியாது. வால்வு வந்தபிறகு, "அவர் நினைத்தது ஹார்ன்தானே" என்று பலர் மாற்றிக்கொண்டார்கள், பழைய பதிவுகள் பலவற்றில் அப்படித்தான் கேட்கும். கார்டினர் பஸூனை விடவில்லை. ஹார்னின் கம்பீரம் அதில் வராது, கொஞ்சம் கரகரப்பாக, மூச்சுப் பிடித்துக் கத்துவது போல இருக்கும், ஆனால் அந்த இடத்தின் பதற்றத்துக்கு அதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் ஆறாவது. இதை மட்டும் கராயனிடம் கேட்காதீர்கள், கிராமத்தைக் காரில் கடந்து போகிற அவசரம். கார்ல் போம் 1971இல் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு செய்த பதிவை எடுங்கள், புயல் வரும் வரை மனிதர் அவசரப்படவே மாட்டார்.