தீயும் அடுப்பும்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

லத்தீன் 'இக்னிஸ்', சமஸ்கிருத 'அக்னி' இரண்டும் ஒரே வேர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். நான் இப்போது பிரெஞ்சு படிக்கிறேன். அதில் நெருப்பு 'ஃபெ'. ஆங்கில 'ஃபயர்', ஜெர்மன் 'ஃபொயர்' போலவே ஒலிக்கிறது. லத்தீனின் மகளான பிரெஞ்சு, நெருப்பை மட்டும் ஜெர்மானியரிடம் கடன் வாங்கியதா? இன்னொன்று: 'ஃபுவாயே' என்ற சொல்லுக்கு அடுப்பு, குடும்பம், நாடக அரங்கின் முன்கூடம், இயற்பியலில் குவியம் என்று அகராதி அடுக்குகிறது. எப்படி?

கே.

அன்புள்ள கே.,

கடன் இல்லை. ஃபெ, ஃபயர் இரண்டுக்கும் முகஜாடைதான் ஒன்று, ரத்த உறவு கிடையாது. ஃபயரும் ஃபொயரும் கிரேக்க 'பூர்' என்ற சொல்லின் பங்காளிகள். பழைய பகரம் ஜெர்மானிய மொழிகளில் ஃபகரமாகிவிடும். லத்தீன் 'பாத்தெர்' ஆங்கிலத்தில் 'ஃபாதர்' ஆவது அப்படித்தான்.

ஃபெ லத்தீன் சொல்லேதான். ஆனால் அதன் மூலம் இக்னிஸ் அல்ல, 'ஃபோகுஸ்'. ஆமாம், கேமராக்காரர்கள் சொல்லும் அதே ஃபோகஸ். பிரெஞ்சு, சொல்லின் வாலை விழுங்கிவிட்டதால் அடையாளம் தெரியவில்லை. இத்தாலிய 'ஃபுவோகோ', ஸ்பானிய 'ஃபுவேகோ', ருமேனிய 'ஃபோக்' மூன்றையும் பக்கத்தில் வையுங்கள், தெரிந்துவிடும்.

ரோமானிய வீட்டில் ஃபோகுஸ் என்றால் அடுப்பு. சமையல் அங்கே, வீட்டுத் தெய்வங்களுக்குப் படையலும் அங்கே. 'பலிபீடங்களுக்காகவும் அடுப்புகளுக்காகவும்' போரிடுவது என்று லத்தீனில் ஒரு வழக்கு உண்டு. நாட்டையும் வீட்டையும் காக்கப் போரிடுவது என்று பொருள். சாதாரண ஜனங்களின் பேச்சில் தீ இருக்கும் இடத்தின் பெயர் தீக்கே ஆகிவந்தது. நாமும் 'அடுப்பை அணை' என்றுதானே சொல்கிறோம், அணைவது தீ. மகள் மொழிகள் பிறந்தது இந்தப் பேச்சிலிருந்து, கவிஞர்களின் லத்தீனிலிருந்து அல்ல. இக்னிஸ் ஏட்டிலேயே தங்கி, பல நூற்றாண்டு கழித்துப் படித்தவர்கள் கைவழியாகத் திரும்பியது. உங்கள் பைக்கின் இக்னிஷன் அந்த வழியில் வந்தது.

ஃபோகுஸின் வம்சம் பெரியது. ஸ்பானியத்தில் வீட்டைக் குறிக்கும் 'ஓகார்', அடுப்பில் சுட்ட ரொட்டியான இத்தாலிய 'ஃபொகாச்சா' எல்லாம் அதிலிருந்து வந்தவை. கர்ஃபியூவும்தான்! பழைய பிரெஞ்சில் அது 'தீயை மூடு'. வீடுகள் தீப்பிடிக்காமலிருக்க, இரவு மணி அடித்ததும் அடுப்புத் தணலை மூடிவிட வேண்டும். ஊரடங்கு என்ற பொருள் பிற்பாடு சேர்ந்தது.

ஃபுவாயேவும் இந்த வம்சமே. அடுப்பு குடும்பத்துக்கு ஆகிவந்ததை விளக்க வேண்டியதில்லை. அரங்கின் முன்கூடமும் ஆட்கள் கணப்பருகே கூடும் இடமாக இருந்ததுதான். குவியத்துக்குக் காரணம் வானியலாளர் கெப்ளர். 1604-இல் வெளியான ஒளியியல் நூலில், கூம்பு வெட்டுகளின் (கூம்பை வெட்டினால் கிடைக்கும் நீள்வட்டம், பரவளையம் போன்ற வளைகோடுகள்) குவியப் புள்ளிகளுக்கு ஃபோகுஸ் என்று பெயர் வைத்தார். ஒளியை மனதில் வைத்தே இந்தப் பெயர் என்று அவரே சொல்கிறார். பரவளையக் கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் திரட்டிப் பொருளை எரிக்கும். அந்தப் புள்ளிதான் அடுப்பு. 1609-இல் கோள்களின் நீள்வட்டப் பாதையை விளக்கும்போது சூரியனை அப்படிப்பட்ட ஒரு புள்ளியில்தான் வைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் அடுப்புச் சொல்லாலேயே குறித்தார்கள். ஜெர்மனில் 'பிரென்புங்க்ட்', அதாவது எரிபுள்ளி. நம் 'குவியம்' நல்ல சொல்தான், ஆனால் ஒளி கூடுவதோடு நின்றுவிடுகிறது. எனக்கு எரிபுள்ளியே பிடித்திருக்கிறது.