இரண்டு பார்பராக்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

திகில் படங்களைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் கேட்க நினைத்த ஒன்று. கல்லூரி விடுதியில் நண்பனின் லேப்டாப்பில் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ பார்த்தேன். செத்தவர்கள் எழுந்து நடந்து வர, சிலர் ஒரு பண்ணை வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் கதை. கறுப்பு வெள்ளை, மங்கலான பிரதி. கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் தங்கையைப் பயமுறுத்தி விளையாடிக்கொண்டிருக்க, தூரத்தில் ஓர் ஆள் தள்ளாடி நடந்து வருவானே, அந்த ஒரு காட்சிக்காகவே எத்தனையோ பேரைப் பிடித்து உட்காரவைத்துக் காட்டியிருக்கிறேன்.

போன வாரம் 1990இல் வந்த அதன் வண்ண ரீமேக்கைப் பார்க்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அதே கதை, அதே பெயர்கள். நான் இல்லாத நேரத்தில் யாரோ என் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை எல்லாம் இடம் மாற்றி வைத்ததுபோல இருந்தது. கையில் காசில்லாமல், தெரிந்தவர்களை வைத்து எடுத்த படம். அதை அப்படியே விட்டிருக்கக் கூடாதா? இப்படிக் கோபப்படுவது சிறுபிள்ளைத்தனமா?

தங்கள் வாசகன்,
மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

சிறுபிள்ளைத்தனம் இல்லை. உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மறுபாதியில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

முதல் படத்தின் மேல் நமக்கு இருக்கும் பிரியம் எதனால் வருகிறது என்று பாருங்கள். ரொமேரோவும் நண்பர்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ஒரு கம்பெனி ஆரம்பித்து, 1967இல் எவான்ஸ் சிட்டி பக்கம் இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீட்டில் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அது போதுமானதாக இருந்தது. நிலவறைக்குள் போய்விடலாம் என்று சண்டை போடும் ஹாரி கூப்பராக நடித்தவர் தயாரிப்பில் பணம் போட்டவர். அந்த நிலவறையில் கிடக்கும் சிறுமி அவருடைய சொந்த மகள். பிணங்களாக வந்தவர்களில் பெரும்பாலோர் நண்பர்கள், ஊர்க்காரர்கள். யாரோ பக்கத்துத் தெருக்காரர் இரவு உடையிலேயே எழுந்து நடந்து வருகிறார். படத்தின் பயமே அதில்தான் இருக்கிறது.

1990 படத்தை இயக்கியவர் டாம் சவினி. கோர ஒப்பனையில் அவரை மிஞ்ச அப்போது ஆளில்லை. அவருடைய படத்தில் பிணங்கள் அச்சு அசல் பிணங்களாகவே இருக்கின்றன. ஒட்டிப்போன கன்னம், மங்கிய தோல், எல்லாம் நேர்த்தி. பார்க்கும்போது வேலைப்பாட்டை ரசிக்கத் தோன்றுகிறது, பயம் வரவில்லை. உங்களைப் பாதியில் எழுப்பியது இதுதான் என்றால் அதில் தப்பே இல்லை.

ஆனால் நீங்கள் சொன்ன அந்த வீட்டுக்குள் புகுந்தது யார்? 1990 படத்தின் திரைக்கதை ரொமேரோவுடையது. தயாரிப்பாளர்களில் ஜான் ருஸ்ஸோ முதல் படத்தை அவரோடு சேர்ந்து எழுதியவர். ரஸ்ஸல் ஸ்ட்ரைனர் அதைத் தயாரித்ததோடு, நீங்கள் சொன்ன கல்லறைக் காட்சியில் அண்ணன் ஜானியாகவும் நடித்தவர். சவினிகூட முதல் படத்திலேயே ஒப்பனை செய்திருக்க வேண்டியவர். வியட்நாம் போர் வந்து, ராணுவப் புகைப்படக்காரராகப் போய்விட்டார். ஆக, வந்தவர்கள் வீட்டைக் கட்டியவர்கள்தான்.

அவர்கள் திரும்பி வந்ததற்கு ஒரு வயிற்றெரிச்சலும் காரணம். படத்துக்கு முதலில் வேறு தலைப்பு இருந்தது. வெளியிடும் சமயத்தில் விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை அறிவிப்பு புதிய அட்டையில் விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லையென்றால் உரிமையே இல்லை. யார் வேண்டுமானாலும் பிரதி போடலாம், திரையிடலாம், விற்கலாம். உலகம் முழுக்க ஓடிய படம், எடுத்தவர்கள் கைக்கு வந்தது சொற்பம். தாங்கள் எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற கவலையும் இருந்தது. 2006இல் ரொமேரோ இல்லாமலே ஒரு முப்பரிமாணப் படம் வந்தது, அந்தக் கவலை வீணில்லை. தங்கள் உழைப்புக்கு இருபது வருடம் கழித்தாவது கூலி கிடைக்காதா என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, பணத்துக்காக மட்டுமே எடுத்தார்களா? நீங்கள் கொண்டாடும் அந்தக் கல்லறைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். ரீமேக்கிலும் அண்ணன் கிண்டல் செய்கிறான், ஓர் ஆள் தள்ளாடி வருகிறான். நமக்குத்தான் தெரியுமே, உடம்பு இறுகிவிடுகிறது. வந்தவரோ மன்னிப்புக் கேட்டு முனகிக்கொண்டே நகர்ந்துவிடுகிறார். காயம்பட்ட ஒரு கிழவர், அவ்வளவுதான். நாம் மூச்சு விடும் அந்த நொடியில் வேறொருவன் பாய்கிறான். முதல் படம் மனப்பாடமான ஒருவரை மனதில் வைத்து அமைத்த காட்சி இது. உங்களையும் என்னையும் மாதிரி ஆட்களுக்காக எடுத்தது என்றே சொல்வேன்.

அப்புறம் பார்பரா, கல்லறைக் காட்சியில் வரும் அந்தத் தங்கை. 1968 படத்தில் ஜூடித் ஓ’டே நடித்த பார்பரா, அண்ணன் விழுந்ததும் பேச்சற்றுப் போகிறாள். படம் முழுக்க சோஃபாவில் உட்கார்ந்திருக்கிறாள், கடைசியில் செத்த அண்ணனே வந்து அவளைக் கூட்டத்துக்குள் இழுத்துப் போகிறான். அந்த மௌனம் உண்மையானது. அதிர்ச்சியில் மனிதர்கள் அப்படித்தான் ஆகிறார்கள். ஆனால் ஒரு பெண்ணுக்கு அது ஒன்றுதான் வழி என்று அன்று எழுதிய ரொமேரோ, 1990இல் அதை மாற்றி எழுதினார். பட்ரீசியா டால்மன் நடிக்கும் பார்பராவும் முதலில் அலறத்தான் செய்கிறாள். பிறகு பாவாடையைக் கழற்றி எறிந்துவிட்டு பேன்ட் போட்டுக்கொள்கிறாள், துப்பாக்கியைக் கையில் எடுக்கிறாள். ஆண்கள் நிலவறையா மேல்மாடியா என்று கத்திக்கொண்டிருக்க, அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: இதுங்க ரொம்ப மெதுவா நடக்குது, நாம பாட்டுக்குப் பக்கத்துல நடந்து போயிடலாமே. முதல் படம் பார்த்த எல்லோருக்கும் ஒருமுறையாவது தோன்றியிருக்கும் கேள்வி இது. கடைசியில் அவள் அப்படியே நடந்தும் போகிறாள். அவளுக்காகவே இந்தப் படம் எடுக்கப்பட்டது சரி என்கிறேன்.

ஆனால் பண்ணை வீட்டில் அடைபட்டவர்களில் ஒருவரான நாயகன் பென் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம், பழைய படமே மேல். திரைக்கதையில் பென் கறுப்பினத்தவர் என்று எழுதப்படவே இல்லை. நடிப்புத் தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ் சிறந்தவராக இருந்தார், எடுத்துக்கொண்டார்கள். படத்தின் பிரதியோடு ரொமேரோவும் ஸ்ட்ரைனரும் நியூயார்க்குக்கு காரில் போய்க்கொண்டிருந்தபோதுதான் வானொலியில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி வந்தது. விடியும்வரை உயிர் பிழைத்த பென்னை, பிணம் என்று நினைத்து ஊர்க்காரர்களின் துப்பாக்கிக் கூட்டம் சுட்டுக் கொல்கிறது. பிறகு வரிசையாகச் சில புகைப்படங்கள். கையில் இறைச்சிக் கொக்கியோடு வெள்ளைக்காரர்கள், நெருப்பு. பத்திரிகையில் அச்சானவை போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும் அந்தப் படங்களை அந்த வருடத்தில் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

ரீமேக்கில் டோனி டாட் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் அவருடைய பென் காயம்பட்டு, நிலவறையில் செத்து, பிணமாக எழுந்த பிறகு சுடப்படுகிறார். காலையில் திரும்பி வரும் பார்பரா, மனிதனாகவே தப்பிவிட்ட ஹாரியைச் சுட்டுவிட்டு, நெருப்புக்கு இன்னொன்று என்கிறாள். முதல் படத்தில் பென் விழுந்ததும் ஷெரீஃப் சொல்லும் வசனம் அது. சாமர்த்தியமான முடிவுதான். ஆனால் ஒரு நாட்டின் மீதான குற்றச்சாட்டு இரண்டு பேருக்கு நடுவிலான கணக்குத் தீர்த்தலாகச் சுருங்கிவிட்டது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வேறொன்றின் மேல். ருஸ்ஸோ பின்னால் ‘முப்பதாம் ஆண்டுப் பதிப்பு’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ரொமேரோவுக்கு அதில் பங்கில்லை. பழைய படத்துக்கு உள்ளேயே புதிதாக எடுத்த காட்சிகளைச் செருகி, இசையையும் மாற்றினார்கள். கல்லறையில் வந்த அதே நடிகரை முப்பது வருடம் வயதேறிய முகத்தோடு மறுபடி நடக்க வைத்தார்கள். ரீமேக் தனியாக இருக்கிறது, பிடிக்காவிட்டால் ஒதுக்கிவிடலாம். இது மூலத்தின் மேலேயே கை வைப்பது. அதைத் தயவுசெய்து பார்க்க வேண்டாம்.

நீங்கள் பார்த்த மங்கலான பிரதியும் அந்தக் காப்புரிமைக் குளறுபடியின் மிச்சமாகத்தான் இருக்கும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும், பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் மூல நெகட்டிவிலிருந்து படத்தை மீட்டெடுத்து 2016இல் திரையிட்டன. கிரைட்டீரியன் என்ற பட வெளியீட்டு நிறுவனம் 2018இல் வட்டாகக் கொண்டுவந்தது அந்தப் பிரதிதான். அதைத் தேடிப் பாருங்கள். பிறகு 1990 படத்தின் மீதிப் பாதியையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்பராவுக்காக உங்களோடு வாதாட நான் தயார்.

அன்புடன்