கோவை அருகே காட்டுக்குள் கூடாரம் அமைத்தோ கேரவனிலோ இரவு தங்கலாமா?

காப்புக்காட்டுக்குள் நீங்களாகக் கூடாரம் போட முடியாது; வனத்துறை அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஆனைகட்டி, மருதமலைப் பக்கமெல்லாம் யானை நடமாடும் அடிவாரம். அரிசி வாசனைக்கு வீட்டுச் சுவரையே இடித்துவிடும் யானைக்குக் கூடாரத் துணி எம்மாத்திரம்?

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பரளிக்காடு. காரமடை வழியாகப் போக வேண்டும். வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா இடம் அது. பில்லூர் நீர்த்தேக்கத்தில் பரிசல் சவாரி. மதியம் அந்த ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு. களி உருண்டையும் கீரையும் இலையில் விழும்போது சூடு தணிந்திருக்காது. மறுக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள். இரவு தங்க, அருகே பூச்சமரத்தூரில் வனத்துறை விடுதி உண்டு. முன்பதிவு கட்டாயம்.

கூடாரம்தான் வேண்டுமென்றால் கோவையைத் தாண்டி, சேலத்தை அடுத்த ஏற்காட்டுப் பக்கம் தனியார் காபித் தோட்டங்களில் இடம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம், மழை விடாது. கோடையில் சருகு காய்ந்து கிடக்கும். தோட்டக்காரர் சம்மதித்தாலும் நெருப்பு மூட்டாதீர்கள்.

கேரவனை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொல்லிமலைக்கு மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான வண்டி திரும்பத் திணறும். மின் இணைப்பும் கழிவுநீர் வசதியும் உள்ள நிறுத்துமிடம் கிடைப்பதும் அரிது. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள்.