ஏற்காட்டு வாடகை வீட்ல சுவரெல்லாம் கருப்பா பூசணம், 4 வயசு பையனுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. பெயிண்ட் அடிச்சா சரியாயிடுமா?

பெயிண்ட் அடிக்காதீங்க, காசுதான் தண்டம். ஓதம் இருக்கிற சுவத்துல என்ன பெயிண்ட் அடிச்சாலும் அடுத்த மழைக்கு உப்பி உரிஞ்சு மறுபடி பூத்துரும். நான் வளந்ததே ஏற்காட்டுலதாங்க, பீரோவுக்குள்ள பெல்ட், செருப்பு எல்லாம் பச்சையா பூசணம் புடிக்கிற ஊரு அது. ஹவுஸ் ஓனரை கேட்டா "மலைன்னா அப்படித்தான்"ம்பாரு. பாதி உண்மை, மீதி செலவுக்கு பயம்.

முதல்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க. ஒரு சின்ன பாலிதீன் ஷீட்டை சுவத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்கு பின்னாடி சுவத்துப் பக்கம் ஈரம் கோத்தா தண்ணி சுவருக்குள்ள இருந்து வருது, அதாவது மொட்டைமாடி விரிசல், பைப் லீக், வெளிச்சுவர் பூச்சு இதுல ஏதோ ஒண்ணு, அதை ஓனர்தான் சரி பண்ணணும். முன்பக்கம் வேர்த்தா ரூம் காத்துல இருக்கிற ஈரம் குளுந்த சுவத்துல படியுதுன்னு அர்த்தம், அது நம்ம கையில இருக்கு. வீட்டுக்குள்ள துணி காயப்போடுறது, வெந்நீர் ஆவி, பீரோவை சுவத்தோட ஒட்டி வைக்கிறது, இதெல்லாம்தான் காரணம். மூடுபனி ஏறுற நேரம் ஜன்னலை சாத்திட்டு வெயில் அடிக்கிற மத்தியானம் திறந்து விடுங்க, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு கீழ இருந்தா நல்லது, அளக்கிற சின்ன மீட்டர் ஆன்லைன்லயே கிடைக்குது.

கருப்பா இருந்தா விஷப் பூசணம்னு வாட்ஸ்அப்ல வர்றதை வச்சு பயந்துக்காதீங்க. நிறத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, எந்த நிறமா இருந்தாலும் எடுத்தாகணும், அவ்ளோதான். உலக சுகாதார நிறுவனம் 2009-லயே ஓதம் பத்தி தனியா வழிகாட்டுதல் போட்டிருக்கு, ஓதம் புடிச்ச வீட்ல இருமல், வீசிங், ஆஸ்துமா அதிகம்னு. குழந்தைங்களுக்கு மூச்சுக்குழாய் சின்னது, எடைக்கு நம்மள விட அதிகமா காத்து இழுக்குதுங்க, அதுலயும் கட்டிலை அந்த சுவத்தோட ஒட்டி போட்டிருந்தா ராத்திரி பூரா அதையேதான் சுவாசிக்கும். உங்க பையன் படுக்கிற இடத்தை இன்னைக்கே மாத்துங்க.

ஆனா எல்லா இருமலுக்கும் பூசணம்தான் காரணம்னும் சொல்ல முடியாது, ப்ளேஸ்கூல் போற புள்ளைக்கு சளி மாத்தி மாத்தி வரத்தான் செய்யும். சேலத்துல பாட்டி வீட்ல தங்கினா இருமல் கொறையுதா, ஏற்காடு திரும்பினதும் ஏறுதான்னு கவனிச்சு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. இன்ஹேலர் எழுதிக் குடுத்தா "பழக்கமாயிடும்"னு பக்கத்து வீட்டு பேச்சை கேட்டு நிறுத்திடாதீங்க.

மூணுக்கு மூணு அடி அளவுக்குள்ள இருந்தா நீங்களே சோப்புத் தண்ணி போட்டு தேச்சு கழுவி நல்லா காய விடலாம், என்95 மாஸ்க், கிளவுஸ் போட்டுக்கங்க, பையன் அந்தப் பக்கமே வரக்கூடாது. பூத்துப்போன பஞ்சு மெத்தை, தலகாணி தேறாது, தூக்கிப் போட்ருங்க. ப்ளீச்சிங்கையும் பாத்ரூம் ஆசிடையும் கலந்துடாதீங்க, குளோரின் வாயு வரும். மக்கல் வாடைக்கு சாம்பிராணி போடுறது எங்க பாட்டி காலத்து வழக்கம், ஆனா வீசிங் இருக்கிற புள்ளைக்கு அந்தப் புகையே ஆகாது. துணிக்கு நடுவுல அந்துருண்டையும் வேணாம்.

மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவுல குழி விழுந்தாலோ, பேச முடியாம திணறினாலோ, உதடு நீலமானாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே அங்கயே பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போயிடுங்க. ராத்திரி பனிமூட்டத்துல 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும்.