மாமன் கொண்டுவந்த கிராஸ்போ ஸ்கோப்பை மகளின் வில்லில் மாட்டலாமா?

கேள்வி: தோவாளையிலிருந்து எழுதுகிறேன். என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த வில்) பழகுகிறாள். 18 மீட்டரில் அம்புகள் நன்றாகச் சேர்ந்து விழுகின்றன. 50 மீட்டருக்குப் போனால் கீழே இறங்கிவிடுகின்றன, இடம் வலமாகவும் சிதறுகின்றன. வில்லோடு வந்தது ஐந்து பின் (குறி பார்க்கும் ஊசி) உள்ள சைட். பென்சில்வேனியாவில் இருக்கும் என் தம்பி லீவுக்கு வந்தபோது தன் கிராஸ்போவின் (விசையை அழுத்தி எய்யும் குறுக்கு வில்) ஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். அங்கே மான் வேட்டைக்கு அதைத்தான் வைத்திருந்தானாம். 20, 30, 40, 50 என்று தூரத்துக்கு ஒரு கோடு உள்ளேயே இருக்கிறது. அதை மாட்டினால் சரியாகுமா? புது சைட் வாங்குவதென்றால் எது? எப்படி அட்ஜஸ்ட் செய்வது? கீரிப்பாறைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு மிளா (கடமான்) இறங்குகிறது, அதைக் குறி பார்த்துப் பழகட்டும் என்றும் தம்பி சொல்கிறான். எனக்கு அதில் மனமில்லை.

பதில்: சகோதரி, மிளா விஷயத்தில் உங்கள் மனம் சொல்வதுதான் சரி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. வேட்டை என்பதில் அதற்கான முயற்சியும் அடக்கம், அதனால் அம்பு படவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. தோட்டம் உங்கள் பட்டா நிலமாக இருந்தாலும் மிளா உங்களுடையது ஆகாது. உங்கள் தம்பி இருக்கும் மாநிலத்தில் உரிமம் எடுத்து, பருவம் பார்த்து கிராஸ்போவால் மான் வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பழக்கத்தை இங்கே தொடர வேண்டாம் என்று அவரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். பிள்ளை கையில் வில் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சே எழக் கூடாது என்று நினைக்கிறேன்.

இனி ஸ்கோப். அதை மகளின் வில்லில் மாட்ட முடியாது. கிராஸ்போவைத் துப்பாக்கி போலக் கன்னத்தில் அணைத்துப் பிடிப்பார்கள், கண் ஸ்கோப்புக்கு மூன்று நான்கு அங்குலம் பின்னால் இருக்கும். அந்தத் தூரத்தில்தான் அதில் முழுப் படம் தெரியும். காம்பவுண்ட் வில்லில் சைட் கை நீட்டிய தூரத்தில், கண்ணிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி நிற்கிறது. அங்கே அந்த ஸ்கோப்பை வைத்தால் கறுப்பு வளையத்துக்கு நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம்தான் தெரியும்.

எப்படியோ மாட்டினாலும் அந்தக் கோடுகள் உதவாது. அவை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குப் போட்ட கோடுகள். கிராஸ்போ அம்பு வினாடிக்கு 350 அடி வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கெஜம் கடப்பதற்குள் அது ஏறத்தாழ 90 செ.மீ. இறங்கும். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் இழுக்கும் வில்லில் அம்பு வினாடிக்கு 70 மீட்டர், அதாவது 230 அடி அளவில் போகும். அதே தூரத்தில் அது 2 மீட்டருக்கு மேல் இறங்கும். போதாததற்கு அந்த எண்கள் கெஜக் கணக்கு, நம் போட்டி மீட்டர் கணக்கு. 50 கெஜம் என்பது 45.7 மீட்டர்தான். 70 மீட்டர் வேக வில்லில் 50 கெஜத்துக்குச் சரியாக வைத்த சைட்டை வைத்துக்கொண்டு 50 மீட்டரில் எய்தால், அம்பு மையத்திலிருந்து 21 செ.மீ. கீழே விழும். 80 செ.மீ. டார்கெட்டில் அது நீல வட்டத்தின் ஓரம், 10 வர வேண்டிய இடத்தில் 5.

தம்பி ஊருக்குத் திரும்பிப் பயன்படுத்தட்டும், அவருக்கும் ஒரு வார்த்தை. அந்த ஸ்கோப்பில் மேல் கோட்டை 20 கெஜத்தில் மட்டும் ஸ்க்ரூவால் சரிசெய்ய வேண்டும். கால் எம்.ஓ.ஏ. கிளிக் (ஒரு கிளிக்குக்கு நூறு கெஜத்தில் ஏறத்தாழ கால் அங்குல நகர்வு) உள்ள ஸ்கோப் என்றால் 20 கெஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்த 20 கிளிக் அளவுக்குத் திருப்ப வேண்டியிருக்கும். நூறு கெஜத்துக்குச் சொன்ன கணக்கை நம்பி நான்கு கிளிக்கோடு நிறுத்துபவர்கள்தான் ஸ்கோப் கெட்டுவிட்டது என்கிறார்கள். பிறகு 40 கெஜத்துக்குப் போய், ஸ்க்ரூவைத் தொடாமல் வேக வளையத்தை (அம்பின் வேகத்துக்கேற்பக் கோடுகளின் இடைவெளியை மாற்றும் வளையம்) மட்டும் திருப்பி, மூன்றாவது கோடு அம்பு விழும் இடத்தோடு சேரும்வரை பார்க்க வேண்டும். பெட்டியில் அச்சடித்த வேகத்தை அப்படியே வைப்பது போதாது, அம்பின் எடை மாறினால் வேகமும் மாறும். வேட்டை முனை பயிற்சி முனை பறக்கிற மாதிரியே பறக்காது, ஆகவே எந்த முனையோடு வேட்டைக்குப் போகிறாரோ அதே முனையோடு கடைசியாகச் சரிபார்க்க வேண்டும். ஐம்பதுக்குக் கோடு இருப்பதாலேயே ஐம்பதில் எய்துவிடக் கூடாது. அம்பு போய்ச் சேரும் அரை வினாடிக்குள் மான் ஓர் அடி வைத்துவிட்டால், உடனே சாக வேண்டியது காயத்தோடு காட்டுக்குள் போய்க் கிடந்து சாகும்.

மகளுக்கு எந்த சைட்? இப்போதிருக்கும் ஐந்து பின் சைட்டை உடனே தூக்கிப் போட வேண்டாம். பின்னின் தடிமனைப் பாருங்கள். 0.019 அங்குல பின் 50 மீட்டரில் 3 செ.மீ. அகலத்தை மறைக்கும். பத்து வட்டத்தின் விட்டம் 8 செ.மீ., ஆகவே அது போதும். 0.029 அங்குல பின் என்றால் நாலரை செ.மீ.க்கு மேல் மறைத்துவிடும், மையம் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து பின்னில் இருக்கும் உண்மையான தொல்லை வேறு. பதற்றத்தில் பிள்ளை தப்பான பின்னைப் பார்த்து எய்துவிடும். போட்டியில் தூரம் ஒன்றே, 50 மீட்டர்தான். அதற்கு ஐந்து புள்ளி எதற்கு? ஒரே பின், மேலும் கீழும் நகரும் தண்டு, மில்லிமீட்டர் அளவுகோல், ரசமட்டக் குமிழ் இந்த நான்கும் உள்ள சைட்டை வாங்குங்கள். திருகித் திருகி நுணுக்கமாக நகர்த்தும் வகையாக இருக்க வேண்டும். எல்-கீயால் தளர்த்திக் கையால் தள்ளும் வகை வேண்டாம். பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. டார்கெட்டைப் பெரிதாக்கும் லென்ஸ் கையின் நடுக்கத்தையும் பெரிதாக்கும், அதைப் பார்த்துப் பிள்ளை பயந்து ரிலீஸை (நாணை விடுவிக்கும் விசை) சட்டென்று அழுத்தப் பழகிவிடும். மாநிலப் போட்டி அளவுக்கு வந்தபின் சேர்த்துக்கொள்ளலாம். பேட்டரியில் எரியும் புள்ளி உள்ள எதையும் வாங்கிவிடாதீர்கள், டார்கெட் போட்டியில் வில்லில் மின் சாதனத்துக்கு அனுமதி இல்லை.

பட்ஜெட் இடிக்கிறதென்றால் பழைய சைட்டிலேயே மூன்று பின்னை 18, 30, 50 என்று வைத்துக்கொண்டு, மற்ற இரண்டைக் கழற்றிவிடுங்கள். அவள் வில்லில் 18-க்கும் 30-க்கும் இடையே 7 மில்லிமீட்டர் அளவும், 30-க்கும் 50-க்கும் இடையே 14 மில்லிமீட்டர் அளவும் இடைவெளி வரும். தூரம் கூடக் கூட அம்பு இறங்குவது வேகமாகக் கூடுகிறது: 18 மீட்டரில் 32 செ.மீ., 30-இல் 90 செ.மீ., 50-இல் இரண்டரை மீட்டர். 18 மீட்டரில் பத்து எடுக்கும் பிள்ளை 50-இல் கீழே விழுத்துவதற்குக் காரணம் இதுதான். அவள் எய்யும் விதத்தில் குறை இருப்பதாக எண்ணி அவளைச் சோர்வடைய விடாதீர்கள்.

அட்ஜஸ்ட் செய்வதில் வரிசை முக்கியம். சைட்டைத் தொடுவதற்கு முன் வில்லை நிலைப்படுத்துங்கள். இழுவிசை போல்ட், நாணில் அம்பு மாட்டும் இடம், பீப்பின் (நாணில் கண் வைத்துப் பார்க்கும் துளை) உயரம் எல்லாவற்றிலும் பெயின்ட் மார்க்கரால் அடையாளம் வையுங்கள். இவற்றில் ஒன்று மாறினாலும் எல்லா எண்களும் வீண். புது நாண் முதல் சில நூறு அம்புகள்வரை நீளும், நீண்டு முடிந்தபிறகே எண் எழுதுங்கள்.

அடுத்தது ரசமட்டம். உங்கள் மகளுக்கு அம்பு இடவலமாகச் சிதறுவதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வில்லை மூன்று டிகிரி சாய்த்துப் பிடித்தால் 50 மீட்டரில் அம்பு 13 செ.மீ. பக்கத்துக்கு ஒதுங்கும். 18 மீட்டரில் அதே சாய்வு ஒன்றரை செ.மீ.தான் காட்டும், கண்ணில் படாது. கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைச் சுவரோரம் தொங்கவிடுங்கள். வில்லை வைஸில் மெதுவாகப் பிடித்து, நாணைத் தூக்கு நூலோடு நேராக்குங்கள். அப்போது சைட்டின் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சைட் வளையத்தைத் தாங்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். அதன்பின் ஒவ்வோர் அம்புக்கும் முதலில் குமிழ், பிறகு பின் என்று அவள் பழக வேண்டும். கடையிலிருந்து வந்த சைட்டில் குமிழ் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

இப்போது 18 மீட்டர். மூன்று மூன்று அம்பாக எய்யட்டும், மூன்றின் நடுவை மட்டும் கணக்கில் எடுங்கள். தனியே ஓடிய அம்புக்காக ஸ்க்ரூவைத் திருப்பக் கூடாது. அம்பு போன பக்கமே சைட்டை நகர்த்த வேண்டும்: கீழே விழுந்தால் சைட்டைக் கீழே, இடப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம். சைட்டின் பின் கீழே இறங்கினால், அதை மையத்துக்குக் கொண்டுவர அவள் வில்லைச் சற்று உயர்த்துவாள், அம்பு மேலே ஏறும். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கும் கணக்கு உண்டு. தவறிய அளவை, கண்ணிலிருந்து பின்னுக்குள்ள தூரத்தால் பெருக்கி, டார்கெட் தூரத்தால் வகுங்கள். 18 மீட்டரில் 5 செ.மீ. கீழே என்றால் சைட்டில் 2 மி.மீ. 50 மீட்டரில் 10 செ.மீ. கீழே என்றால் ஒன்றரை மி.மீ. டேப்பால் கண்–பின் தூரத்தை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதும், அம்பு செலவு குறையும்.

18 சரியானதும் 50-க்குத் தாவாதீர்கள். 25, 30, 40 என்று ஏறுங்கள். தெரியாத எண்ணோடு 50-இல் எய்தால் அம்பு டார்கெட்டுக்கு மேலாகவும் போகலாம். டார்கெட்டுக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், ஆள் நடக்கும் வரப்போ தென்னந்தோப்பு வழியோ இருக்கக் கூடாது. இதில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம். ஒவ்வொரு தூரத்திலும் அளவுகோல் காட்டும் எண்ணை எழுதி, ஒரு கிராஃப் தாளில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் வழுவழுப்பான ஒரு வளைகோடாகப் போக வேண்டும். ஒரு புள்ளி மட்டும் வெளியே துருத்தினால் அந்தத் தூரத்தை மறுநாள் மறுபடி பாருங்கள்.

மேலே சொன்ன தூக்கு நூலைப் போல நேரான ஒரு செங்குத்துக் கோட்டை டார்கெட்டில் வரைந்து, 18 மீட்டர் எண்ணை மாற்றாமல், கோட்டின் உச்சியைக் குறிவைத்து 18, 25, 30 மீட்டரிலிருந்து ஓர் அம்பு வீதம் எய்ய வையுங்கள். அம்புகள் கோட்டோடு ஒட்டி இறங்கினால் நல்லது. ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இறங்கினால், ரசமட்டம் சரியாயிருக்கும் பட்சத்தில், அம்பு படுக்கும் ரெஸ்ட் நடுவில் இல்லை என்று பொருள். அதைச் சைட்டால் மூடி மறைக்க முயன்றால் ஒரு தூரத்தில் சரியாகும், இன்னொன்றில் கெடும். ரெஸ்ட்டை அரை மி.மீ. அளவில் நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

உங்கள் ஊரில் இன்னொன்று இருக்கிறது, காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றில்தான் அவள் பயிற்சி செய்கிறாள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியத்தில் அங்கே இடவல ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. காற்றைப் பார்த்து ஸ்க்ரூவைத் திருப்பினால் அன்றைய காற்றுக்குத்தான் சைட் சரியாகும், மறுநாள் தப்பாகும். விடியற்காலையில், இலை அசையாத நேரத்தில், 30 மீட்டரில் இடவலத்தை வைத்துப் பூட்டிவிடுங்கள். அந்த மாதங்களில் காலையிலும் காற்று ஓயவில்லை என்றால் ஒரு நாள் நாகர்கோவிலுக்கு மேற்கே, மரங்கள் சூழ்ந்த மைதானம் ஏதாவது தேடிப் போய் இந்த ஒரு வேலையை முடித்து வாருங்கள். காற்றடிக்கும்போது எய்ய வேண்டி வந்தால் சைட் அப்படியே இருக்கட்டும். முதல் இரண்டு அம்பு ஒதுங்கும் அளவைப் பார்த்து, அதே அளவு எதிர்ப்பக்கம் குறி வைத்து எய்ய அவள் கற்கட்டும். காற்றிலேயே வளரும் பிள்ளைக்கு இது பெரிய வரம்.

வடகிழக்குப் பருவமழையில் நனைந்தால் பீப் துளையில் நீர் தங்கும், ஊதிவிட்டு எய்ய வேண்டும். கன்னியாகுமரி, குளச்சல் என்று கடலோர மைதானங்களுக்குப் போய் வந்தால் அன்றிரவே சைட்டின் ஸ்க்ரூக்களை உலர்ந்த துணியால் துடைத்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். உப்பேறி இறுகிய ஸ்க்ரூ போட்டியன்று திரும்பாது. எண்ணெய் நாணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதிய எண்களை ஒரு சிறு தாளில் வில்லின் உட்புறம் ஒட்டி, செல்போனிலும் படமெடுத்து வையுங்கள். போட்டியன்று பயிற்சி அம்புகளின்போது மேல்கீழை மட்டும் ஓரிரு கிளிக் திருத்தலாம். இடவலம் ஒதுங்கினால் அவள் முதலில் குமிழைப் பார்க்கட்டும், அடுத்து மைதானக் கொடியைப் பார்க்கட்டும்.