டூரிஸ்ட் விசாவில் ஸ்பெயினுக்குப் போய் ஷூ கம்பெனியில் வேலை தேடலாமா?

கேள்வி: பேரணாம்பட்டில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் கட்டிங் (ஷூவின் மேல்பகுதிக்குத் தோல் வெட்டும்) பிரிவில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். வயது 34, பிளஸ் டூ படித்திருக்கிறேன், இரண்டு பிள்ளைகள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் குறைந்தது. அதிலிருந்து வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. வேலூரில் ஒரு டிராவல்ஸ்காரர், ‘ஸ்பெயினில் எல்ச்சே என்ற ஊர் முழுக்க ஷூ கம்பெனிதான், டூரிஸ்ட் விசாவில் போய் மூன்று மாதத்தில் வேலை பிடித்துவிடலாம், இரண்டு வருஷத்தில் அங்கேயே தங்கும் அனுமதிக் கார்டு கையில் வந்துவிடும்’ என்கிறார். மொத்தம் ஆறரை லட்சம். 50,000 ரூபாய் முன்பணமும் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டேன். மீதிக்கு மனைவி நகையை அடகு வைக்க வேண்டும். அந்த நாட்டிலேயே வேலையில்லாத் திண்டாட்டம் என்று மச்சான் தடுக்கிறார். போகலாமா ஐயா?

பதில்: போக வேண்டாம். நகையை வெளியே எடுக்காதீர்கள்.

மச்சான் சொன்னது சரி. ஆனால் அது உங்களை எப்படிப் பாதிக்கும் என்பதை அவர் சொல்லவில்லை போலிருக்கிறது. ஏஜென்ட் சொன்னதில் ஊர் பெயர் உண்மை. அலிகாந்தே மாகாணத்தில் எல்ச்சே, எல்தா இரண்டும் ஷூ ஊர்கள்தான். நம் ஆம்பூர், பேரணாம்பட்டு மாதிரி. அங்கே உங்களைப் போன்ற கட்டிங்காரர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதைத்தான் அவர் சொல்லாமல் விட்டார்.

ஸ்பெயினில் 2013-ல் வேலையில்லாதவர்கள் 27 சதவீதத்தைத் தொட்டார்கள். இப்போது பத்து சதவீதத்தை ஒட்டி இறங்கியிருக்கிறது. அப்படியும் ஐரோப்பிய யூனியனில் முன்வரிசையில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட நாட்டில் சட்டம் எப்படி இருக்கும்? வெளிநாட்டு ஆளை எடுக்க விரும்பும் முதலாளி, முதலில் அந்த வேலையை அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அறிவிக்க வேண்டும். உள்ளூரில் தகுந்த ஆள் இல்லை என்று காட்டினால்தான் உங்கள் பெயரில் அனுமதி கேட்கவே முடியும். வேலை போன ஷூ தொழிலாளிகள் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் மாகாணத்தில், ‘கட்டிங்குக்கு ஆளே கிடைக்கவில்லை’ என்று எந்த முதலாளி எழுதிக் கொடுப்பார்? கொடுத்தாலும் எந்த அதிகாரி நம்புவார்?

ஆள் தட்டுப்பாடு உள்ள வேலைகள் என்று ஸ்பெயின் அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ள வேலைக்கு இந்தச் சோதனை கிடையாது. பெரும்பாலும் கப்பல் வேலைகள். சிலி, பெரு நாட்டுக்காரர்களுக்கு ஒப்பந்தப்படி சோதனையே இல்லை. இந்தியருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ‘அங்கே வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்களே’ என்று ஏஜென்ட் வீடியோ காட்டினால், அதில் இருப்பவர்கள் ஸ்பானிஷ் பேசிப் பிறந்த தென் அமெரிக்கர்களா என்று கேளுங்கள்.

அனுமதி வரும் வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பேரணாம்பட்டிலேயே இருப்பீர்கள். முதலாளி அங்கே விண்ணப்பம் போடுவார். அங்குள்ள அயல்நாட்டார் அலுவலகம் அனுமதி தரும். அந்த அனுமதியைக் காட்டி இங்கிருந்து வேலை விசா வாங்கி, அதற்குப் பிறகு விமானம் ஏறுவீர்கள். டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கிய தொழிலாளி, அங்கே இருந்தபடியே அதை வேலை விசாவாக மாற்றிக்கொள்ள வழி இல்லை. ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் டூரிஸ்ட் விசாவின் கணக்கு 180 நாளில் 90 நாள், அவ்வளவுதான். 2025 அக்டோபர் 12-லிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் ஏற்றுகிற முறையும் படிப்படியாக வந்துவிட்டது. யார் எத்தனை நாள் தங்கினார் என்று இனி கணினியே எண்ணிக்கொள்ளும்.

அனுமதி இல்லாத வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு அபராதம் ஒரு ஆளுக்குக் குறைந்தது 10,001 யூரோ. ஒரு லட்சம் யூரோ வரைகூடப் போகலாம். இவ்வளவு ஆபத்தை ஏற்று உங்களை எடுப்பவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று யோசியுங்கள். 2025-ல் ஸ்பெயினின் குறைந்தபட்சச் சம்பளம் 1,184 யூரோ, வருஷத்துக்கு 14 தவணை. அதைத் தருகிறவர் காகிதம் கேட்பார். காகிதம் கேட்காதவர் அதைத் தரமாட்டார். எல்ச்சேயிலும் வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைக்கும் பெண்கள் உண்டு. ஒப்பந்தம் இல்லை, பென்ஷன் இல்லை, ஜோடிக்கு இவ்வளவு என்று காசு. நம்ம ஊர் வீட்டுத் திண்ணையில் நடக்கிற அதே வேலை. சொந்த நாட்டுப் பெண்களுக்கே அந்தக் கதி என்றால், காகிதம் இல்லாமல் போகும் உங்களுக்கு என்ன மிஞ்சும்?

இனி அந்த ‘இரண்டு வருஷத்தில் கார்டு’. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறது. அர்ராய்கோ என்பார்கள். காகிதம் இல்லாமல் அங்கேயே வேரூன்றிவிட்டவருக்கு அரசு தரும் விதிவிலக்கு. முன்பு மூன்று வருஷம் தங்கியிருக்க வேண்டும். 2025 மே 20-ல் அமலுக்கு வந்த புதிய விதிப்படி அது இரண்டு வருஷம் ஆயிற்று. உடனே நம்ம ஊர் ஏஜென்ட்களுக்கு வாயெல்லாம் பல். ஆனால் இரண்டு வருஷம் முடிந்த அன்று யாரும் கூப்பிட்டுக் கார்டு கொடுப்பதில்லை. அந்த இரண்டு வருஷமும் நீங்கள் தொடர்ந்து அங்கேதான் இருந்தீர்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு அந்த ஊர் நகராட்சியில் வீட்டு முகவரியோடு பெயர் பதிந்திருக்க வேண்டும். ஒரு ரூமில் எட்டுப் பேர் படுக்கும் இடத்தில் எந்த வீட்டுக்காரர் பதிய விடுவார்? அதனால் அந்தப் பதிவையே காசுக்கு விற்க அங்கே ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் போலீஸ் ஆட்களைப் பிடிப்பதும் உண்டு. பதிவு கிடைத்தாலும், வேலை வழியாகக் கார்டு கேட்பவருக்கு வாரம் 20 மணி நேரமாவது கொடுக்கும் முறையான வேலை ஒப்பந்தம் வேண்டும். குற்றப் பதிவு இல்லை என்று இங்கிருந்து சான்றிதழ் வாங்கி, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை போட்டு, அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷில் மாற்ற வேண்டும். அகதி மனு போட்டுக் காத்திருக்கும் காலம் இந்த இரண்டு வருஷத்தில் சேராது. ‘போனதும் அகதி மனு போடுங்கள், அதுவரை யாரும் தொடமாட்டார்கள்’ என்று யோசனை சொல்கிற ஆட்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

இடையில் நீங்கள் ஊருக்கு வர முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு முடியவில்லை, எதுவானாலும் வர முடியாது. வந்தால் திரும்பப் போக விசா கிடைக்காது, கணக்கும் அங்கேயே நின்றுவிடும். பிடிபட்டால் 501 யூரோவிலிருந்து அபராதம், இல்லாவிட்டால் நாடு கடத்தல். நகை வட்டி மட்டும் இங்கே மாதம் தவறாமல் ஓடும்.

விதி பொய் இல்லை. அதை நம்பிக் கிளம்புகிற திட்டம்தான் பொய். அங்கே ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர் கரையேற வைத்த விதியைக் காட்டி, இங்கே நன்றாக இருக்கிற ஆளைத் தண்ணீரில் தள்ளுகிறார்கள்.

இப்போது அந்த டிராவல்ஸ்காரரிடம் வருவோம். அவர் கொடுத்த ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் ‘வேலை’ என்ற சொல் இருக்கிறதா? நான் பார்த்த ரசீதுகளில் ‘ஐரோப்பா டூர் பேக்கேஜ் அட்வான்ஸ்’ என்றுதான் இருக்கும். இல்லையென்றால் ‘விசா கன்சல்டன்சி’. வாயால் வேலை என்பார், பேப்பரில் டூர் என்று எழுதுவார். நாளைக்கு நீங்கள் புகார் கொடுத்தால், ‘டூருக்குக் காசு வாங்கினேன், விசா எடுத்துக் கொடுத்தேன், இவர் சுற்றிப் பார்க்கவில்லையென்றால் நான் என்ன செய்வது’ என்பார்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறேன் என்று சொல்கிற எவரும், எந்த நாட்டுக்கு என்றாலும், 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்து லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண்ணை இ-மைகிரேட் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். ‘சென்னையில் பெரிய கம்பெனிக்கு நான் சப் ஏஜென்ட்’ என்று சொன்னால் அதுவே போதும், எழுந்து வந்துவிடுங்கள். சட்டத்தில் சப் ஏஜென்ட் என்று ஒரு ஆளே கிடையாது. லைசென்ஸ் உள்ளவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமும் அதிகபட்சம் 30,000 ரூபாய்தான், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 35,400. உங்களிடம் கேட்டது ஆறரை லட்சம். ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. அதோடு இன்சூரன்ஸ், போய் வர டிக்கெட் எல்லாம் சேர்த்தாலும் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டுவது கஷ்டம். மீதி ஐந்தே கால் லட்சம் எதற்கு என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. விசாவுக்காக உங்கள் கணக்கில் சில வாரம் பணம் போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் வேலை செய்யும் கம்பெனி லெட்டர்பேடில் லீவு கடிதம் தயார் செய்வார்கள். ஹோட்டல் புக் செய்து, விசா வந்ததும் கேன்சல் செய்வார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்து மட்டும் உங்களுடையது. பொய் என்று தெரிந்தால் மறுக்கப்படுவது நீங்கள். அந்தப் பதிவு ஐந்து வருஷம் ஷெங்கன் கணினியில் இருக்கும். நாளைக்கு நேர்வழியில் ஒரு நல்ல வேலை வந்தாலும் அது குறுக்கே நிற்கும்.

‘உங்கள் பாஸ்போர்ட்டில் இசிஆர் முத்திரை இல்லை, அதனால் கவர்மென்ட் கிளியரன்ஸே வேண்டாம்’ என்றும் சொல்லியிருப்பாரே? அது சரிதான். பத்தாவது படிக்காதவர் சவூதி, குவைத், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசு ஒப்பந்தத்தைப் பார்த்து, இன்சூரன்ஸ் போட்டு அனுப்பும். பத்தாவது தாண்டியவருக்கு அந்தக் கதவே இல்லை. பத்தாவது பாஸானவன் ஏமாறமாட்டான் என்று எந்தப் புண்ணியவான் டெல்லியில் உட்கார்ந்து முடிவு செய்தாரோ! ஐந்து லட்சம் கொடுத்து ஏமாறுகிறவர்கள் எல்லாம் பிளஸ் டூவும் டிப்ளமோவும்தான். ஸ்டேஷனுக்குப் போனால் ‘இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டில் பார்த்துக்கொள்’ என்பார்கள். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில். அதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் காட்பாடியில் ரயில் ஏற வேண்டும். இத்தனை பேர் கிளம்பிப் போகிற வட ஆற்காட்டுப் பக்கம் வாரத்தில் ஒரு நாள் முகாம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

வெளிநாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோலில் கீறல், உண்ணிக்கடித் தழும்பு பார்த்து, இழுப்பு எந்தப் பக்கம் என்று கையால் தடவிப் பார்த்துக் கத்தி வைக்கிற கை உங்களுடையது. அது எளிதில் வராது. உங்கள் கம்பெனியில் ஷூ வாங்கும் பையர்களின் தரப் பரிசோதகர்களிடமும், சூப்பர்வைசராக வெளிநாடு போய் வந்த ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களிடமும் கேளுங்கள். கம்பெனியே விசா எடுத்து, டிக்கெட் போட்டு அழைத்தால் போங்கள். சென்னை கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. அங்கே பதிவு செய்து வையுங்கள். ஷூ வேலைக்கு அழைப்பு அடிக்கடி வராது, நர்ஸும் டிரைவரும்தான் அதிகம் கேட்பார்கள். இருந்தாலும் வாங்குகிற காசுக்கு ரசீது தருகிற இடம். பக்கத்திலேயே ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 1,500 கோடி முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. அறிவிப்பை அப்படியே நம்பச் சொல்லவில்லை. அது தோல் இல்லாத ஷூ. அடுக்கி வைத்து மெஷினில் வெட்டுகிற வேலை. உங்கள் கைத்திறமைக்கு அங்கே முழு மதிப்பு இருக்காது. ஆனாலும் லைன் நடத்தத் தெரிந்தவருக்கு விசாரித்துப் பார்க்கச் செலவு ஒரு பஸ் டிக்கெட்தான்.

கொடுத்த 50,000-க்கு வருகிறேன். நேரில் சண்டை போடாதீர்கள், போனில் கத்தாதீர்கள். ‘ஸ்பெயினில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி இந்தத் தேதியில் இவ்வளவு வாங்கினீர்கள், எனக்கு விருப்பமில்லை, பணத்தையும் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். அவர் அனுப்பிய வீடியோ, வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். ரசீதில் இல்லாத ‘வேலை’ என்ற சொல் அவற்றில்தான் இருக்கும். பதில் வராவிட்டால் அதே மெசேஜின் நகலோடு எஸ்.பி. அலுவலகத்தில் மாவட்டக் குற்றப்பிரிவுக்கு மனு கொடுங்கள். இன்னொரு நகலை ஸ்பீட் போஸ்டில் சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலருக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனு நாளிலும் ஒன்று கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று இடத்தில் மனு இருக்கிறது என்று தெரிந்தால் சில ஏஜென்ட்கள் அவர்களாகவே கூப்பிட்டுப் பேசுவார்கள். பணம் தவணையில் வரலாம், பாதிதான் வரலாம். பாஸ்போர்ட்டைப் பணத்தோடு சேர்த்துப் பேரம் பேச விடாதீர்கள். அது அரசாங்கச் சொத்து, பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு எந்த உரிமையும் இல்லை. முதலில் அதை வாங்கிவிடுங்கள்.